வெறுங்காணியில் ஒரு வெண்பூ

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளை அறியாத தமிழ்க் குடும்பம் இலங்கையில் அரிது. உறவினர் வீட்டுத் திருமணத்தின் பொருட்டோ, வைத்தியரைக் காணும் பொருட்டோ, வெளிநாடு செல்லும் பிள்ளையை வழியனுப்பும் பொருட்டோ என்றேனும் ஒருநாள் இங்கு வந்து தங்காதவர் யார்? மணலைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்தே இவ்வூரின் பெயர் பிறந்தது என்பர். மணற்றோட்டம் என்று நாம் பொருள் கொள்ளலாம். இன்று மணலையும் காணோம், தோட்டத்தையும் காணோம். நூலும் துணியும் நெய்த பேராலை இருந்த நிலத்திலும் வானளாவிய மாடிகளே நிற்கின்றன.

ஆயினும், காலை வேளையில் கைவீசி நடக்கும் பழக்கமுடையோர்க்கு வேறொரு வெள்ளவத்தையும் தெரியும். புகையிரதப் பாதையின் ஓரம், கால்வாயின் கரை, மதில் இடிந்துபோன பழைய வளவு என்று ஆங்காங்கே வெறுங்காணிகள் கிடக்கின்றன. அவற்றுட் சில, 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வீடிழந்தோர் விட்டுச் சென்றவை. உரிமையாளர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். காணியில் ஒரு கிணறும் இரண்டு தென்னைகளும், இடுப்பளவு பூண்டுகளும் இருக்கும். அத்தகைய காணி ஒன்றைப் பற்றியும், அதில் நாம் அறியாமற் செய்த ஒரு பிழையைப் பற்றியுமே இன்று வாசகர்களுக்குக் கூற எண்ணினோம்.

மாணவன் கொணர்ந்த செடி

மாசி மாதத்தின் பிற்பகுதியில் ஒருநாள் வகுப்புக்குச் சென்றபோது, எம் மாணவன் ஒருவன் தாளிற் சுற்றிய செடியொன்றை மேசைமீது வைத்தான். அவ்வாரம் சூரியகாந்திக் குடும்பத் தாவரங்களைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு செடி கொண்டுவரும்படி பணித்திருந்தோம். பலர் கையாந்தகரையையும் வெட்டுக்காயப் பூண்டையும் கொண்டுவந்தனர். இவனுடைய செடி வேறாயிருந்தது.

"சேர், இதற்கு என்ன பெயர்? எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை" என்றான்.

நாம் செடியை எடுக்கக் கை நீட்டினோம். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டோம். கரட் இலை போல ஆழமாக வெட்டுண்ட இலைகள். நீளவாக்கில் வரிகள் ஓடிய, மென்மயிர் படர்ந்த தண்டு. நுனியிற் பல கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் உளுந்தளவான வெண்பூக்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நோக்கினோம். பூவின் விளிம்பில் ஐந்து சிறு மூலைகள் தெரிந்தன. ஐயமில்லை, அது பார்த்தீனியம்.

இப்பூண்டோடு மயங்கக்கூடிய வேறு பூண்டுகளும் உள. வெட்டுக்காயப் பூண்டின் பூ நீண்ட காம்பின் நுனியிலே தனித்து நிற்கும். அதன் நடு மஞ்சள் நிறம். கையாந்தகரையின் இலை ஒடுங்கியது, வெட்டுப்படாதது; ஈரமான இடங்களையே அது நாடும். மாசிபத்திரியின் இலையும் பிளவுபட்டதே. எனினும் அதனைக் கசக்கினால் நல்ல வாசனை வரும். இலையின் அடிப்புறம் வெளிறியிருக்கும். இளஞ்செடிப் பருவத்திலேதான் பெரும்பாலார் ஏமாறுவர். அப்போது பார்த்தீனியம் நிலத்தோடு படிந்த இலைவட்டமாக இருக்கும். செவ்வந்திக் கன்று என்றே எவரும் எண்ணுவர்.

"எங்கே பிடுங்கினாய்?" என்று வினவினோம்.

"சேர் இருக்கிற தொடர்மாடிக்குப் பக்கத்து வெறுங்காணியிலேதான்" என்று அவன் விடை பகர்ந்தான்.

அவ்விடை கேட்டதும் எமக்குப் பாடம் மறந்துபோயிற்று. மாணவனைக் கைகளைச் சவுக்காரமிட்டுக் கழுவி வரும்படி அனுப்பிவிட்டு, மணியடிக்கும் வரையில் கடிகாரத்தையே பார்த்திருந்தோம்.

அம்மா கேட்ட மண்

எம் தாயார் எண்பதைக் கடந்தவர். வலிகாமத்தின் வடபால் உள்ள எமது ஊரை 1990ஆம் ஆண்டில் உடுத்த உடையோடு விட்டு வந்தவர். உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட எம் காணி சில ஆண்டுகளின் முன்னரே விடுவிக்கப்பட்டது. அம்மாவால் இனி அவ்வளவு தூரம் பயணஞ் செய்ய இயலாது. சென்ற மார்கழி விடுமுறையில் நாம் ஊருக்குப் புறப்பட்டபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கடை வளவுச் செம்மண் ஒரு பை கொண்டு வா, தம்பி. துளசியை அதிலே வைக்க வேணும்."

ஊரிலே வீட்டின் அத்திவாரம் மட்டுமே எஞ்சியிருந்தது. புகையிலையும் வெங்காயமும் விளைந்த நிலம் முழுவதும் வெண்பூக்கள் விரிந்திருந்தன. தொலைவிலிருந்து நோக்க அழகாகவே இருந்தது. அது இன்ன பூண்டென்று எமக்குத் தெரியாமலில்லை. தாவரவியல் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தெரியாதிருக்குமா? தெரிந்தும் என்ன செய்தோம்? பூண்டில்லாத ஓரிடத்தைத் தேடி, கிணற்றடியில் ஓர் உரப்பை செம்மண்ணை அள்ளி, வெள்ளவத்தைக்கு வரும் இரவுப் பேருந்தில் ஏற்றிவிட்டோம். அம்மாவுக்கு மண் கிடைக்கப்போகிறது என்ற மகிழ்ச்சியில் மண்ணுக்குள் என்ன இருக்கிறதென்று சிந்திக்கவில்லை.

பூச்சாடிக்கு அரைப்பை மண் போதுமாயிருந்தது. மிகுதியை நாமே கொண்டுபோய்ப் பக்கத்து வெறுங்காணியிற் கொட்டினோம். மண்தானே, மண்ணோடு சேரட்டும் என்று எண்ணினோம்.

அன்று மாலை வீடு திரும்பியதும் நேரே பலகணிக்குச் சென்றோம். துளசியின் அடியில் கரும்பச்சைக்கும் இளம்பச்சைக்கும் இடைப்பட்ட நிறத்தில் மூன்று செடிகள் நின்றன. ஒன்று மொட்டுக் கட்டியிருந்தது. அம்மா அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா, ஊர் மண்ணிலே செவ்வந்தி தானாக முளைச்சிருக்கு. முதற் பூவைப் பிள்ளையாருக்கு வைக்கலாம்" என்றார்.

நாம் உடனே ஒன்றும் கூறவில்லை.

பூண்டின் வரலாறு

பார்த்தீனியத்தின் தாயகம் மெக்சிக்கோ வளைகுடாவைச் சூழ்ந்த அமெரிக்க நாடுகள். இந்தியாவில் 1955ஆம் ஆண்டளவிற் பூனா நகரில் இது பரவியிருப்பதைத் தாவரவியலார் கண்டனர். அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு கலந்து வந்ததென்பது பலர் கொள்கை. அங்கு மக்கள் இதனைக் காங்கிரஸ் புல் என்று அழைக்கின்றனர். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மேய்ச்சல் நிலங்களையும், எத்தியோப்பியாவின் வயல்களையும் இது கைப்பற்றியது. இலங்கையில் 1999ஆம் ஆண்டில் வவுனியாவில் இனங்காணப்பட்டது.

ஒரு செடி 15,000 விதை முதல் 25,000 விதை வரை தரவல்லது. முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களுள் பூக்கத் தொடங்கும். விதை மிகச் சிறியது. காற்று, வெள்ளம், வண்டிச் சில்லு, கால்நடையின் குளம்பு, பாதணியில் ஒட்டிய சேறு, எருப்பை ஆகிய எதனோடும் பயணஞ் செய்யும். மண்ணுட் புதைந்தால் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். இதன் உடலிலுள்ள பார்த்தீனின் என்னும் நச்சுப்பொருள் அயலிலுள்ள பயிர்களின் முளைப்பைத் தடுக்கும். தொட்டுப் பழகுவோருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். பூந்தூள் தும்மலையும் இழுப்பையும் தரும். இதனைத் தின்ற பசுவின் பால் கசக்கும்.

அயலூர்ப் பூண்டினால் இடருறுவது கொழும்புக்குப் புதியதன்று. நீர்நிலைகளை மூடிய ஆகாயத்தாமரையை ஒழிக்கவென்றே 1909ஆம் ஆண்டில் இங்கு ஒரு தனிச் சட்டம் ஆக்கினர். இரண்டாம் உலகப் போரில் யப்பானிய விமானிகளை ஏமாற்றவே குளங்களில் அதனை வளர்த்தார்கள் என்று ஊரில் ஒரு கதை வழங்குகிறது. சட்டமோ அப்போருக்கு முப்பது ஆண்டுகள் முந்தியது. சல்வீனியாவின் கதை எம் போன்ற ஆசிரியர்கள் மறக்கத் தகாதது. 1939ஆம் ஆண்டில் கொழும்பிலே தாவரவியல் கற்பித்தலுக்காகக் கொண்டுவரப்பட்ட அந்த நீர்ப்பூண்டு சில ஆண்டுகளில் வாய்க்கால்களுக்குத் தப்பி ஓடிற்று. 1954ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 22,000 ஏக்கர் நெல்வயலையும் 2,000 ஏக்கர் நீர்நிலையையும் மூடிவிட்டது. பின்னர் 1980களின் பிற்பகுதியில், அதன் தாயகமான பிரேசிலைச் சேர்ந்த சிறு வண்டொன்றை விட்டே அதனை அடக்க முடிந்தது. படிப்பிக்கக் கொண்டுவந்தார்கள், பரவிவிட்டது. நாம் பாசத்தோடு கொண்டுவந்தோம். பூண்டுக்கு இரண்டும் ஒன்றே.

கொட்டாஞ்சேனைக்கு ஒரு பயணம்

வெறுங்காணி பிறருடையது. பூட்டிய படலையை ஏறிக் குதிப்பது மாணவருக்கு அழகாயிருக்கலாம், ஆசிரியருக்கு அழகன்று. உரிமையாளர் கனடாவில் வாழ்கிறார் என்றும், அவருடைய அத்தான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார் என்றும் விசாரித்து அறிந்தோம். மறுநாட் சனிக்கிழமை, செடியை ஒட்டிய தாள் ஒன்றைக் கையிலெடுத்துக்கொண்டு பேருந்து ஏறினோம்.

வெள்ளவத்தைக்குக் கடற்காற்று என்றால், கொட்டாஞ்சேனைக்குத் துறைமுகக் காற்று. கோட்டையைக் கடந்து வடக்கே செல்லச் செல்லப் பாரவண்டிகள் பெருகும், பண்டகசாலைகள் பெருகும். ஒரு பக்கம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். சற்று அப்பால் பொன்னம்பல முதலியார் தாபித்து, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம். மேட்டிலே புனித லூசியா பேராலயத்தின் பெருங்கவிகை. தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்துட் கலந்து ஒலிக்கும் தெருக்கள் அவை. பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதனால் அங்கு வெறுங்காணி என்பது மிக அருமை. கிடைக்கும் ஒரு முழ நிலத்திலும் ஒரு வாழை நிற்கும்.

பெரியவர் எழுபத்தைந்து வயதினர். வவுனியாவில் நெடுங்காலம் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாம் தாளை விரித்ததும் மூக்குக் கண்ணாடியைத் தேடவும் இல்லை.

"இதையா கொழும்புக்குக் கொண்டு வந்தியள், மாஸ்ரர்?" என்றார்.

பிறகு சட்டைக் கையை உயர்த்தி முன்கையைக் காட்டினார். தோல் தடித்துக் கறுத்து, வெடித்த களிமண்போல் இருந்தது.

"1987இலே இந்திய அமைதிப்படை வந்தது. படைக்கு இறைச்சிக்கென்று ஆடுகளும் வந்தன. அந்த ஆடுகளோடுதான் இது வந்ததென்று ஆராய்ச்சிக்காரர் பலர் சொல்லுகினம். நாங்கள் கண்டபோது தெருவோரத்திலே நாலு செடி. வடிவான பூ என்று விட்டுவிட்டோம். பிறகு சண்டை, சனம் இடம்பெயர்ந்தது, தோட்டமெல்லாம் தரிசு. ஆள் இல்லாத நிலத்திலே அது அரசாண்டது. ஓய்வு பெற்ற பிறகு என் காணியிலே வெறுங்கையாலே பிடுங்கினேன். அதன் பலன் இது."

அவர் உள்ளே சென்று திறப்பைக் கொண்டுவந்து எம் கையில் வைத்தார். "நாலு செடியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள், மாஸ்ரர்" என்றார்.

1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இப்பூண்டு நம் நாட்டில் தடைசெய்யப்பட்டதாகும். எனவே திரும்பியதும் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் ஆலோசனைத் தொலைபேசிக்கும் செய்தியை அறிவித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைப் பணி

சனி இரவு நல்ல மழை. மண் இளகியிருந்தால் வேர் அறாமற் செடி முழுதாக வரும். ஆதலின் மறுநாட் காலையே ஆறு மாணவரோடு காணிக்குட் புகுந்தோம். பெற்றோரிடம் முன்னரே கேட்டு, இழுப்பு நோய் உள்ளவர்களை நிறுத்திவிட்டோம். யாவருக்கும் இறப்பர்க் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை, சப்பாத்து.

முதலிற் காணியை நாற்புறமும் சுற்றி, ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் ஈர்க்கு ஒன்றை நட்டோம். 41 ஈர்க்குகள் தேவைப்பட்டன. அவற்றுள் 28, நாம் மண் கொட்டிய மூலையிலேயே நின்றன. எம் பிழையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செடியைக் கொணர்ந்த மாணவன் எண்ணி முடித்துவிட்டு எம் முகத்தைப் பார்த்தான். நாமே மற்றையோருக்கும் நடந்ததைச் சொன்னோம்.

பூத்த செடிகளை அப்படியே பிடுங்கினால் விதை சிதறும். ஆகவே, முதலில் கறுத்தப் பொலித்தீன் பையினாற் செடியின் தலையை மூடி, அடியிற் கட்டி, பின்னர் வேரோடு இழுத்தோம். பைகளை இறுகக் கட்டி மூன்று வாரம் வெயிலில் வைத்து, சருகான பின் தகரப் பீப்பாவில் எரித்தோம். பூக்காத செடிகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. பிடுங்கிக் குழியிலிட்டு மக்க விட்டாற் பசளையாகும். கத்தியால் வெட்டுவதிற் பயனில்லை. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேலை முடிந்ததும் சப்பாத்தின் அடியிலிருந்த சேற்றை அங்கேயே சுரண்டிவிட்டு வந்தோம்.

பயிர் செய்யாத வெளியிடங்களில், ஒரு லீற்றர் நீருக்கு 200 கிராம் கறியுப்பைக் கரைத்து, சிறிது சவுக்கார நீரும் கலந்து தெளித்துக் கொல்லும் முறையைத் தமிழ்நாட்டு வேளாண்மையாளர் கூறுகின்றனர். தோட்ட நிலத்தில் இதனைச் செய்தால் உப்புத் தங்கி மண் கெடும். மெக்சிக்கோவிலிருந்து ஒருவகை வண்டை 1984ஆம் ஆண்டில் பெங்களூருக்குக் கொண்டுவந்து விட்டனர். அது மழைக்காலத்தில் இலைகளைத் தின்று பூண்டைத் தளரச் செய்கிறது. தகரை போன்ற செடிகளை அடர்த்தியாக விதைத்துப் பார்த்தீனியத்துக்கு இடமில்லாமற் செய்வது இன்னொரு வழி. எமக்கு அது பிடித்திருந்தது. களையும் அடங்கும், வீட்டில் தகரை வறையும் கிடைக்கும். மண் கொட்டிய மூலையில் தகரை விதைத்தோம்.

ஒரு நாட் பணியில் இது முடிவதன்று. மூன்று வாரத்திற்கு ஒருமுறை சென்று பார்க்கிறோம். இரண்டாந் தடவை 17 முளைகள். மூன்றாந் தடவை 5. நான்காந் தடவை ஒன்றும் இல்லை என்று மாணவர் மகிழ்ந்தனர். ஆறாந் தடவை மீண்டும் இரண்டு! பூக்குமுன் பிடுங்கிவிட்டால் புது விதை மண்ணிற் சேராது. மண்ணிற் கிடக்கும் பழைய விதைகள் முளைத்து முளைத்துத் தீர வேண்டும். அதுவரையிற் பொறுமை வேண்டும்.

பூச்சாடி

வீட்டுச் செடியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தல் தகாது. அம்மாவிடம் அன்று மாலையே உண்மையைக் கூறினோம். மூன்று செடிகளையும் பிடுங்கும்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணையும் எறிய வேண்டும் என்றோம்.

"அதை எறிய விடமாட்டன்" என்றார் அம்மா.

இரண்டு நாள் எம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து திரும்பியபோது அடுக்களையில் மண் கருகும் மணம். எம் மனைவியார் வாயிலில் நின்று சிரித்தார். உள்ளே அம்மா பெரிய தாச்சியை அடுப்பில் ஏற்றி, அகப்பையாற் செம்மண்ணைக் கிளறி வறுத்துக்கொண்டிருந்தார்.

"அரிசி மாவை வறுத்தால் புழு பூச்சி அண்டாது. மண்ணை வறுத்தால் விதை முளைக்குமோ?" என்று கேட்டார்.

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. தாவரவியலில் எமக்குப் பட்டம் உண்டு. இந்த யோசனை தோன்றவில்லை. வறுத்த மண்ணில் உயிர்ச்சத்து இராது என்பதனால் ஆறியபின் சிறிது மக்கிய இலைப் பசளை கலந்து, துளசியை மீண்டும் நட்டோம். இற்றை வரையில் அச்சாடியில் வேறொன்றும் முளைக்கவில்லை.

ஊரிலிருந்து கன்றும் மண்ணும் எருவும் கொண்டுவருவோர் நம்மிற் பலர். கொண்டுவர வேண்டாமென்று சொல்ல எமக்கு வாயில்லை. கொண்டுவருமுன் அது எடுத்த இடத்தைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். கரட் இலையும் வெண்பூவும் கண்ணிற் பட்டால் அம்மண்ணைத் தொடாது விடுங்கள். கொண்டுவந்தாயின், சாடியில் முளைப்பது இன்னதென்று அறியும் வரையில் அதனைப் பூக்க விடாதீர்கள். மாணவர்களே, உங்கள் ஒழுங்கை வெறுங்காணியில் ஐந்து மூலை வெண்பூவைக் கண்டால் கையாற் பறிக்காமல் பெரியவர் ஒருவரை அழைத்து வாருங்கள்.

வருகிற மார்கழியில் எம் ஊர் வளவைத் துப்புரவாக்க அந்த ஆறு மாணவரும் எம்மோடு வருவதாகக் கூறியுள்ளனர். கையுறைகளை இப்போதே வாங்கி வைத்துவிட்டோம். அம்மா இம்முறையும் ஒரு பை மண் கேட்டிருக்கிறார். தாச்சி ஆயத்தமாயிருக்கிறதாம்.